மாப்பிள்ளையிடம் சொல்லாமல் விட்டது

டான்சில் எடுத்தவர்களுக்கு எந்த ஐஸ்கிரீம் நல்லது என்று எல்லோரும் கேட்பார்கள். பிடித்ததைச் சாப்பிடுங்கள் என்பேன். காது மூக்கு தொண்டை வார்டின் தலைமை நர்ஸ் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

என் தங்கை கணவர் ஆபரேஷனுக்கு வந்தபோது டாக்டர் அவசரத்தில் இருந்தார். "உங்க வீட்டு ஆள்தானே சிஸ்டர். ரத்தம் வர்ற ஆபத்தப் பத்தி நீங்களே நல்லா விளக்கிட்டு, கையெழுத்து வாங்கிடுங்க" என்றார்.

விளக்கினேன். வலி காதுவரை குத்தும், குரல் கொஞ்ச நாள் மாறும் என்றெல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். "நீங்க இருக்கும்போது எனக்கென்ன பயம்? எங்க போடணும், காட்டுங்க."

காட்டினேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ஒரு வாரம்போல ஆனதும் புண்ணின்மேல் படிந்த பொருக்கு உதிரும். அப்போது ரத்தம் வரலாம். வந்தால் வீட்டில் இருக்கவே கூடாது. மற்றவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்புவேன்.

அவர் கெட்டவரா என்று கேட்கிறீர்கள். இல்லை. தங்கையை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அவள் தலைவலி என்றால் இவர் சமையலறைக்குள் போய்விடுவார். அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதலில் அவரை எனக்குத்தான் பேசி முடித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்துபோய்ப் பழகிய பிறகு, சின்னவளைத் தருவீர்களா என்று கேட்டுவிட்டார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். "குடுத்துடுங்கப்பா" என்றேன். எனக்கு எடுத்திருந்த கல்யாணத் துணியை அவள் அளவுக்குப் பிடித்துத் தைத்ததும் நான்தான். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

ஆபரேஷன் முடிந்து எட்டாம் நாள் மதியம் தங்கை போன் செய்தாள். "அக்கா, எச்சில்ல ரத்தமா வருது. கூட்டிட்டு வரட்டுமா?"

"அது அப்படித்தான் இருக்கும். ஐஸ் தண்ணி குடுத்துப் படுக்க வை."

மறுபடியும் செய்தாள். "நிக்கவே இல்லக்கா. ரத்தத்த விழுங்கிட்டே இருக்காரு."

"நர்ஸ் நீயா, நானா? பதறாத" என்றேன். சாப்பாடு பாதியில் இருந்தது. சாப்பிட்டு முடித்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் காரில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி வாசலிலேயே நான்தான் நாடி பார்த்தேன். அடங்கியிருந்தது.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். அந்த ரத்தம் தானாக நிற்காது என்பது எனக்குத் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

தங்கை என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம். போகட்டும். அப்பாவும் போய்விட்டார்; இனி அவளுக்கும் யாருமில்லை, எனக்கும் யாருமில்லை. கொஞ்ச நாளில் என்னிடம்தான் வருவாள். என்னைவிட அவள்மேல் பாசமுள்ளவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்?