மஞ்சக் காட்டுக்கு வந்த தண்ணி

மொரப்பூரிலிருந்து தருமபுரி போகிற பஸ்ஸில், மழைக்கு ஷட்டரையெல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். என் முன் சீட்டில் ஒரு கணவன், மனைவி. போனை வைத்துவிட்டுக் கணவர் சொன்னது என்னை நிமிர வைத்தது.

“ஏரித் தண்ணிய நம்ம மஞ்சக் காட்டுக்கு வெட்டிவிடச் சொல்லிட்டேன்.”

“என்னங்க சொல்றீங்க? மஞ்ச அழுகிப் போயிடுமே!”

“ஏரிக் கர கசியுதாம். இன்னிக்கி மழைக்கித் தாங்காதாம். ஒடைஞ்சா கீழத்தெருவுல ஒரு வூடு மிஞ்சாது.”

“சனங்க?”

“ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. நடக்க முடியாதவங்க இன்னும் வூட்லயேதான் கெடக்கறாங்க.”

தருமபுரி நெருங்கும்போது மறுபடி போன் வந்தது. பேசி முடித்ததும் அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

“பொக்லைன் வச்சி வெட்டிட்டாங்களாம். ஏரி இறங்குதாம். தெருவுக்குள்ள தண்ணி வரலையாம்.”

“நம்ம காடு?”

“முழுகிடுச்சி.”

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?”

“வெட்டத்தான் சொல்லியிருப்பேன். அதுக்காகக் கேக்காம வுட்டுடறதா?”