அம்மன் கோயிலுக்கு மேலே நின்ற மோட்டார்

உங்கள் ஸ்டேஷன் ஃபேனில் பேரிங் தேய்ந்திருக்கிறது, ஐயா. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் இந்தக் கிறீச்சு நின்றுவிடும். சொல்லத்தான் சொல்கிறேன், ஏறிச் செய் என்று சொல்லிவிடாதீர்கள். களைப்பாக இருக்கிறது. ரைட்டர் எழுதிக்கொள்ளட்டும், மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் பழனி. செங்கம் ரோட்டில் பம்புசெட் ரிப்பேர் கொட்டகை வைத்திருக்கிறேன். ரங்கன் படகுக்காரன். அணைக்கு அக்கரையில் இருக்கிற மலைச்சனத்தைச் சந்தை நாளில் புளியும் சாமையுமாக இக்கரைக்கு ஏற்றி வந்து, மத்தியானம் திரும்பக் கொண்டுபோய் விடுவான். அவன் படகின் பின்பலகையில் மாட்டியிருந்தது இரண்டு எச்.பி. பழைய மோட்டார். வாரத்துக்கு ஒருமுறை அது படுத்துவிடும். தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்துவிடுவான். எழுபத்திரண்டிலிருந்து இப்படித்தான். பதினோரு வருஷம், ஐயா.

நான் சோற்றில் கை வைத்ததும் வருவான். "பழனிண்ணே, உங்க கை பட்டாத்தான் இது கேக்குது" என்பான். சும்மா வரமாட்டான், தேனோ நெல்லிக்காயோ கையில் இருக்கும். வேலை முடிகிற வரைக்கும் பக்கத்தில் குந்திக்கொண்டு பேசுவான். அவன் மாடு கன்று போட்டது, மச்சான் கோபித்துக்கொண்டு போனது, எல்லாம் எனக்கு மனப்பாடம். நல்ல மனுஷன். கெட்டவனாக இருந்திருந்தால் இனிமேல் வராதே என்று சொல்லியிருப்பேன். நல்லவன் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. என் சுபாவம் அப்படி.

போன சந்தை நாளன்று காலையில் ஒரு பத்து எச்.பி. மோட்டாரோடு வந்து நின்றான். மெட்ராசில் பழையதாக வாங்கினானாம். முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சின்னப் படகுக்கு அது ஆகவே ஆகாது. ஆகாது என்று சொன்னால் பழையதைத் தூக்கிக்கொண்டு மறுபடி வருவான். அதனால் மாட்டிக் கொடுத்தேன். பின்பலகைக்குத் தேக்குக் கட்டை கொடுத்து போல்ட் போட்டு முடுக்கினேன். படகைத் தூக்கி வைத்திருக்கிறீர்களாமே, பாருங்கள், ஒரு போல்ட் தளர்ந்திருக்காது.

மாட்டியதும் தனியாக ஓட்டிப் பார்த்தேன். மோட்டார் கனத்தில் பின்பக்கம் தண்ணீருக்கு மேல் ஒரு சாண்தான் இருந்தது. ஓடும்போது ஒன்றுமில்லை. வேகத்தில் சட்டென்று நிறுத்தினால் படகு நின்றுவிடுகிறது, பின்னால் துரத்தி வருகிற அலை நிற்பதில்லை. பலகையைத் தாண்டி உள்ளே விழுகிறது. நான் ஒருத்தன் இருக்கும்போதே கணுக்கால் நனைந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினால் ஒரு சொட்டு வராது. அதையும் செய்து பார்த்தேன்.

அணை கட்டியபோது பச்சையம்மன் கோயில் தண்ணீருக்குள் போய்விட்டது. அதற்கு நேர்மேலே வந்ததும் படகுக்காரன் மோட்டாரை நிறுத்திவிடுவான். அம்மன் தலைக்கு மேலே சத்தம் போடக்கூடாது என்பது இங்கே வழக்கம். சனம் எழுந்து நின்று கும்பிடும். ஆழமும் அங்கேதான் அதிகம்.

ரங்கனுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலப்பது, ப்ளக்கை எப்படித் துடைப்பது. அவன்தான் கேட்டான்.

"அம்மன் கிட்ட வர்றப்ப நிறுத்தணும்ண்ணே. இம்மாம் பெரிசு, சொன்னா கேக்குமா?"

"சுவிட்ச அமுக்கு. சட்டுனு நின்னுடும்."

"வேற இன்னாவாச்சும் பாத்துக்கணுமா?"

"அவ்ளோதான். போய்ட்டு வா."

இதில் பொய் ஒன்றும் இல்லை. சட்டென்றுதான் நின்றது.

மத்தியானம் ஏறினது ஏழு பேர். ரங்கன், சந்தைக்குப் புளி கொண்டுவந்த மங்கம்மாள், அவள் கைக்குழந்தை, இன்னும் நாலு பேர். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். படகு நன்றாகப் போனது. ரங்கன் திரும்பி எனக்குக் கையாட்டினான். அப்புறம் மோட்டார் சத்தம் நின்றது. அந்த அமைதி எனக்கு நிம்மதியாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கூச்சல் கேட்டது.

நான் நினைத்தது இவ்வளவுதான், ஐயா. படகில் தண்ணீர் ஏறும், எல்லோரும் நனைவார்கள், மோட்டார் அடியில் போய்விடும், இனி மோட்டாரே வேண்டாம் என்று பயந்து ரங்கன் துடுப்புக்கே திரும்புவான். துடுப்புக்கு ரிப்பேர் கிடையாது. யாரும் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்றைக்கு என் மனைவி வடிவும் அந்தப் படகில்தான் அக்கரையில் அவள் அக்கா வீட்டுக்குப் போவதாக இருந்தது. மோட்டாரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்ததும், அவளை மலை சுற்றிப் போகிற பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன். ஏன் என்று கேட்டாள். காற்று சரியில்லை என்றேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஐயா. அவளுக்கு நீச்சல் தெரியாது.