பச்சை வெளிச்சத்துக்கு மாலை வேண்டாம்

மேடையில் இருக்கும் தலைமை மருத்துவர் பாலகோபால் அய்யா அவர்களே, தாயைப் பறிகொடுத்து நிற்கும் தம்பி ரவிதேஜா அவர்களே, செவிலியர்களே, என்னைப் போலவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த ஆஸ்பத்திரிப் படி ஏறிய தாய் தகப்பன்மாரே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

நான் சண்முகப்பிரியா. மதுக்கரையில் குடும்பம் பார்ப்பவள். நம் பெற்றோர் சங்கத்துக்கு வரவு செலவு எழுதுகிறேன். மைக் பிடித்துப் பழக்கமில்லை. மருதமலையானை நினைத்துக்கொண்டு நிற்கிறேன்.

தம்பி ரவிதேஜாவின் தாய், நம் குழந்தைகள் வார்டின் தலைமைச் செவிலியர் வரலட்சுமி அம்மா போய்விட்டார்! டியூட்டி முடித்து "வாரேனுங்க" என்று சொல்லிப் போனவர், மறுநாள் வரவில்லை. மாரடைப்பு என்றார்கள். இன்னமும் நம்ப முடியவில்லையே!

என் மகள் நவ்யாவுக்குத் தலசீமியா. மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். அதற்கு முன்னால் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வேண்டும். குத்திக் குத்திப் புண்ணான பிஞ்சுக் கையில் நரம்பு எங்கே கிடைக்கும்? நான் காலைப் பிடிக்க, அவள் அப்பா தோளை அமுக்க, அவள் கத்துகிற கத்தலில் வராந்தாவில் காத்திருக்கும் பிள்ளைகளும் சேர்ந்து அழும். அந்த அழுகை பொறுக்காமல், நிர்வாகத்தை விடாமல் கேட்டு, தோலுக்கடியில் ஓடும் நரம்பை வெளிச்சத்தில் காட்டும் மெஷினை இங்கே கொண்டுவந்தது யார்? வரலட்சுமி அம்மா அல்லவா!

மெஷின் வந்த அன்று நவ்யா கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். வரலட்சுமி அம்மா அவளைத் தொடவே இல்லை. "மொதல்ல உங்கம்மா கையப் பாக்கலாம் கண்ணு" என்று என் கையை இழுத்து மெஷினுக்கு அடியில் வைத்தார். பச்சை வெளிச்சத்தில் கருப்புக் கோடுகள் தெரிந்தன. நவ்யா எட்டிப் பார்த்தாள். "வால்பாறை ரோடாட்டம் வளைஞ்சு வளைஞ்சு போகுது!" என்றாள்.

"அப்பிடியா? உன்ற கையிலயும் ரோடு இருக்குதான்னு பாக்கலாமா? பஸ்ஸை எங்க நிறுத்தோணும்னு நீயே சொல்லு."

பிள்ளையே கையை நீட்டி விரலால் காட்டினாள். அம்மா அந்த இடத்தைத் தடவி, அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுத்தார். "வெளிச்சம் காட்டும் அம்மணி, ஆனா விரலும் ஒத்துக்கோணும்" என்பார். ஒரே குத்து! நான் காலைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அன்று வெளியே வந்து அழுதது நான்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆயுத பூஜையன்று நம்ம ஆயா சின்னாத்தாள், பக்தியோடு மெஷினில் வெளிச்சம் வரும் கண்ணாடியிலேயே பெரிய குங்குமப் பொட்டாக வைத்துவிட்டார். பூஜை முடிந்து வெளிச்சம் போட்டால் ஒரு பிள்ளையின் கையில் பெரிய கருப்புத் திட்டு! "ஏனுங்க சிஸ்டர், புள்ளைக்கு உள்ள கட்டியா?" என்று தாய்க்காரி பதறிவிட்டாள்.

"கட்டியில்லீங்க, சின்னாத்தா வெச்ச பொட்டுங்க!" என்று அம்மா சிரித்த சிரிப்பு வார்டு முழுக்கக் கேட்டது. பஞ்சால் துடைத்துப்போட்டு, தன் கையாலேயே ஸ்டாண்டின் பின்பக்கம் ஒரு பொட்டு வைத்தார். "கும்புடறதுக்கு அந்தப் பக்கம், பாக்கறதுக்கு இந்தப் பக்கம்" என்றார். சின்னாத்தா, நீங்க இப்பவும் சிரிக்கிறீங்க, அழுகையோட!

பெரியோர்களே! இந்த மேடையைப் பாருங்கள். அம்மாவின் படம், அதற்குப் பக்கத்தில் அந்த மெஷின். அதற்கும் மல்லிகை மாலை, கண்ணாடியில் குங்குமம். யார் வைத்தாலும் பாசத்தில்தான் வைத்திருப்பார்கள். ஆனால் அம்மா போன நாளிலிருந்து அது வார்டில் இல்லை. கேட்டால், "அம்மா தொட்டதை நான் எப்படிங்க தொடுவேன்?" என்று சிஸ்டர் சாய்ப்ரியா கண் கலங்குகிறார். போன வாரம் வால்பாறை எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு குழந்தையைப் பழையபடி இரண்டு கையிலும் காலிலும் குத்தி, நரம்பு கிடைக்காமல், ரத்தம் எடுக்காமலே தாய் தூக்கிக்கொண்டு போனாள். அம்மா பார்த்திருந்தால் பொறுப்பாரா?

சாமி கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள் நான். அந்த நான்தான் கேட்கிறேன்: மாலை படத்துக்குப் போதும். மெஷினை வார்டுக்கு அனுப்புங்கள். அய்யா, நீங்கள் அனுமதி கொடுத்தால் அந்தக் குங்குமத்தை இப்போதே என் முந்தானையால் துடைக்கிறேன்.

சாய்ப்ரியா அம்மணி, அம்மா பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டவர் நீங்கள். ஒரு தடவை தவறினாலும் நாங்கள் கோபிக்க மாட்டோம். பெற்றோர் எல்லார் சார்பிலும் இந்தச் சபையில் வாக்குக் கொடுக்கிறேன். நாளைக் காலையில் முதல் கை என் மகளுடையது. நான் கிளம்பும்போது நவ்யா கேட்டாள்: "பஸ்ஸை எங்க நிறுத்தோணும்னு சாய்ப்ரியா சிஸ்டரும் கேப்பாங்களாம்மா?"

கேட்பாங்க கண்ணு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேனுங்க.