சொன்னது சொன்னபடி

மாணவர்களின் கள அறிக்கைகளை நான் பச்சை மையில்தான் திருத்துவேன். சிவப்பு மை மனத்தைப் புண்படுத்தும். இர்பித் நகரில் பத்தொன்பது ஆண்டுகளாகச் சமூகப்பணி கற்பிக்கிறேன். என் பாடத்தின் முதல் விதி எளிமையானது: நேர்காணலில் ஒருவர் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். பெயரை மறைக்கலாம், சொல்லை மாற்றக்கூடாது. மௌனத்தைக்கூட நொடிக் கணக்கில் குறிக்க வேண்டும்.

ருதைனா இவ்விதியை நன்கு கற்றவள். பெண்கள் புகலிடம் ஒன்றில் களப்பயிற்சியில் இருந்தாள். அதன் முகவரி இரகசியம்; மேற்பார்வை ஆசிரியர் மட்டும் பருவத்துக்கு ஒருமுறை செல்லலாம். பயிற்சி மாணவிகள் அங்கே தம் கல்லூரியையோ ஆசிரியரின் பெயரையோ சொல்லக்கூடாது. பாதுகாப்புக்காக ஏற்படுத்திய விதி.

அவளுடைய நான்காம் அறிக்கையில் 'திருமதி ச.' பேசியிருந்தாள். கணவன் தையல்காரன். அடிப்பதற்கு முன் கையில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொள்வான், தடம் விழாது. முடிந்ததும் எதிரே அமர்ந்து பரிவோடு கேட்பானாம்: "இப்ப உங்க மனசுல என்ன ஓடுது?" மௌனம், நாற்பது நொடி.

அந்த வரியின் ஓரத்தில் 'சிறப்பு' என்று எழுதினேன். அக்கேள்வியை வகுப்பில் கற்பித்தவன் நான். என்னை 'டாக்டர்' என்று அழைக்கும் மாணவர்கள், தேர்வில் தோற்றவனை அதைச் சொல்லியே சீண்டுவார்கள்.

"இப்ப உன் மனசுல என்ன ஓடுது, ஹபீபி?"

"டாக்டரோட மூஞ்சிதான் ஓடுது. போடா!"

ருதைனாவும் சிரித்திருக்கிறாள். ஆயினும் எழுதும்போது அது யாருடைய கேள்வி என்று அவளுக்குப் புலப்படவில்லை. தையல்காரன் என்ற சொல் மறைத்துவிட்டது.

என் மனைவி ஹியாம் வீட்டைவிட்டுப் போய் அன்றைக்குப் பதினேழு நாள். கணவன் பேராசிரியன் என்று சொல்ல வெட்கப்பட்டிருப்பாள். அந்தப் பொய்யினால்தான் புகலிடத்தின் வாயிலில் என்னை எவரும் தடுக்கவில்லை.

மேற்பார்வைக்குச் சென்ற காலையில் ருதைனா ஓடிவந்து வரவேற்றாள். "திருமதி ச. மொதல்ல மாட்டவே மாட்டேன்னாங்க, டாக்டர். எங்க டாக்டர் அதிர்ந்துகூடப் பேசமாட்டார், ஓரமா உக்காந்து கேட்டுட்டுப் போயிடுவார்னு சொல்லி நான்தான் சம்மதிக்க வெச்சேன்."

"நல்ல வேலை செஞ்சிருக்கேம்மா," என்றேன்.

ஹியாம் உள்ளே வந்தாள். என்னைக் கண்டு கத்தவில்லை. ருதைனாவைத்தான் பார்த்தாள். "இவரையா கூட்டிட்டு வந்தே, பொண்ணே?"

நான் எழுந்து கதவைத் தாழிட்டேன். நேர்காணல் இடையில் தடைபடக்கூடாது.

அறையில் இரும்பு நாற்காலி ஒன்று இருந்தது. ஆறு முறை. மூன்றாவதிலேயே ஹியாமின் அசைவு நின்றுவிட்டது. எஞ்சிய மூன்றையும் நான் மறைக்கவில்லை, பதிவு முழுமையாக இருக்க வேண்டும். ருதைனா குறுக்கே விழுந்தாள். அவள் தாடை உடைந்தது அதனால்தான். உணர்ச்சிவசப்பட்டுக் குறுக்கிடக்கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தேன்.

உங்கள் காவல்துறை அறிக்கையில் 'ஆத்திரத்தில் கொன்றார்' என்று எழுதியிருக்கிறீர்கள், ஐயா. முதற்சொல்லை நீக்கிவிடுங்கள். இருபத்திரண்டு ஆண்டு மணவாழ்வில் நான் குரலை உயர்த்தியதே இல்லை. மேல்வீட்டு அபூ ஸுஹைலைக் கேளுங்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒருநாளும் ஒரு சத்தமும் கேட்டதில்லை என்பார். நாங்கள் அவ்வளவு நிம்மதியாக வாழ்ந்தவர்கள்.