பதினொரு மணிக்குச் சிவப்பா இருக்கணும்

– சும்மா மழுப்பாதீங்க ஹபீப் பாய். லேப்ல நம்ம ரெண்டு பேரைத் தவிர யாரும் இல்ல. இந்த பாட்டில்ல இருக்கற மருந்து ஏன் நீலமா இருக்கு?

– எனக்கு இன்னா தெரியும் ஜொவிட்டா மேடம்? நீங்கதான சயின்டிஸ்ட்டு.

– வெள்ளிக்கிழமை நான் கிளம்பறப்போ ரத்தச் சிவப்பா இருந்துச்சு. ஃப்ரிட்ஜைத் தொட்டீங்களா?

– தொடாம? சனிக்கெயம தரமணி ஃபுல்லா கரென்ட் கட்டுன்னு வாட்ஸப்புல வந்துச்சு. ஒம்போதுலேர்ந்து அஞ்சு வரிக்கும். மேடம் மருந்து கெட்டுப்பூடுமேன்னு மொத நாளே ஃப்ரீஸர்ல வெச்சுட்டேன். இன்னிக்கு காத்தாலதான் எடுத்தேன்.

– ஃப்ரீஸர்லயா? மாதாவே!

– கறிய அங்கதான மேடம் வெப்போம்?

– இது கறியா பாய்? நிஜத் தங்கத் துகள்! ஒரு தலைமுடியை குறுக்கால நாலாயிரமாப் பொளந்தா ஒரு துண்டு எவ்ளோ இருக்கும், அவ்ளோதான் சைஸு. அது மேல கேன்சர் மருந்தை ஏத்தி நேரா கட்டிக்கு அனுப்பணும். உறைஞ்சா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஒட்டினா நீலம். நீலம்னா குப்பை!

– நல்லா குலுக்கிப் பாக்கட்டா?

– பிரியாது பாய். பதினொரு மணிக்கு கமிட்டி வருது. ஆறு வருஷமா கான்ட்ராக்ட்டு. இன்னிக்கு பர்மனென்ட் ஆகலன்னா மந்தைவெளில எட்டாங்கிளாஸுக்கு டியூஷன்தான். எங்கம்மா இப்பவே போர்டுக்கு பெயின்டரைப் பார்த்து வெச்சிருக்காங்க.

– பெயின்டரு யாரு, நம்ம மார்க்கெட்டாண்ட இருக்கறவனா? நல்லா எழுதுவான்.

– பாய்!

– கோச்சுக்காதீங்க மேடம். எதுத்த லேப்புல அனிருத் சார் டேபிள் மேல இதே மாதிரி செவப்பா ஒண்ணு கீது. அப்டியே தூக்கினு வரட்டா?

– அவன்தான் பாய் அந்த போஸ்ட்டுக்கு இன்னொரு கேண்டிடேட்டே!

– அப்போ ரெட்டை லாபம் மேடம்.

– ஒண்ணும் வேணாம். நடந்ததை அப்படியே சொல்லிடறேன். கமிட்டில சுப்புலக்ஷ்மி மேடம் இருக்காங்க, அவங்க என்னை நம்புவாங்க. போன வருஷம் வந்தாங்களே, ஷோகேஸ்ல வெச்சிருந்த இதே மருந்து பாட்டிலை ஜன்னல்கிட்ட கொண்டுபோய் வெளிச்சத்துல பிடிச்சுப் பிடிச்சுப் பார்த்தாங்க. 'மூணு மாசம் வெளியவே இருந்தும் கலர் துளி மாறல, இந்தப் பொண்ணை விட்றாதீங்க'ன்னு ரிப்போர்ட்ல எழுதினாங்க. அந்த ஒரு வரியாலதான் எனக்கு இன்னிக்கு இன்டர்வியூவே. அவங்க முன்னாடி போய் நான் பொய் சொல்லுவேனா?

– அந்த ஷோகேஸ் பாட்டிலா மேடம்?

– ஏன் பாய் தலையக் குனியறீங்க?

– உண்மைய சொல்றதுன்னா முழுசா சொல்லிடுங்க மேடம். அந்தம்மா வர்றதுக்கு மொத நாளு ஷோகேஸ் தொடைக்கசொல்ல உங்க பாட்டிலு கீழ வுயுந்து ஒடஞ்சிடுச்சு. அவங்க வெளிச்சத்துல புடிச்சுப் புடிச்சுப் பாத்தது எங்க வூட்டு நோம்பு சர்பத்து.