கயிறா, பம்பா

கட்கியிலிருந்து போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷன் பெஞ்சாதி. இங்கே தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில் சத்தமாகவே பேசிக்கொண்டு வந்தார்கள்.

“கயிறு வேணாங்க. கயிறு வாங்கினா, கட்டி இழுக்க இன்னொரு வண்டி வரணும். நமக்கு யாரு வரா?”

“பட்டாள ஏலத்துல ஜீப்பு எடுத்தவன் எவனும் கயிறு இல்லாம சேத்துல இறங்க மாட்டான்டி.”

“பெரிய டிரைவரு! ஓட்டக் கத்துக்கிட்டதே ரிட்டயர் ஆனப்புறம். கால்பம்பு போதும். சேறு வந்தா டயர்ல பாதிக் காத்தை இறக்கிட்டு ஏறிடலாம். தார் ரோட்டுக்கு வந்ததும் அடிச்சுக்கலாம்.”

“ரெண்டையும் வாங்கிடறேன். பொண்ணு கல்யாணத்துக்குத்தான் வீம்பா போகாம இருந்துட்டேன். இந்த மழையிலயாவது அவ வாசல்ல போய் நிக்கணும். போன தடவை மாதிரி பாதி வழியில மாட்டிக்கக் கூடாது.”

அந்தம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

“போன தடவை நீங்க ஜீப்புகிட்ட நின்னீங்க. நான் நடந்து போய்ட்டு வந்து, வீடு பூட்டியிருக்குன்னு சொன்னேன்ல?”

“ஆமா.”

“பூட்டலைங்க. ஜன்னல்ல நின்னு என்னைப் பார்த்தா. பார்த்துட்டு சாத்திட்டா.”

ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கிற ஸ்டாப் வந்தது. கண்டக்டர் இரண்டு தரம் கூவினார். நான் இறங்கினேன். அவர்கள் எழுந்திருக்கவில்லை.