ஒரு நாளைக்கு மாமியார்

நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக இருக்கும், பாதி மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். உப்பலில் பஸ் ஏறினதும், என் முன் சீட்டில் ரெண்டு பெண்கள் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

சின்னவள் கேட்டாள்: "அக்கா, நாளைக்கு ஒரு நாள் உங்க மாமியாரைக் குடுங்க."

பெரியவள் சிரித்துவிட்டாள். "ஒரு நாளைக்கு மட்டுமா? நீயே வச்சுக்கோ."

"விளையாடாதீங்க. நம்ம காலனி பார்க்குக்குப் பணம் குடுக்கலாமான்னு பார்க்க ஆபீசர் வர்றார். வயசானவங்க யாரும் வர்றதில்லைன்னு தெரிஞ்சா, பெஞ்சுக்கான பணம் பக்கத்துக் காலனிக்குப் போயிடும்."

"பெஞ்சு இல்லாமத்தானேடி அவங்க வர்றதில்ல! முட்டி வலியோட எவ்வளவு நேரம் நிப்பாங்க?"

"எங்க வீட்டு நாற்காலியைக் கொண்டுவந்து போடறேன்."

"நக்கோ, நக்கோ, நாற்காலியெல்லாம் வேணாம். நாற்காலியைப் பார்த்தா, இங்க உட்கார இடம் இருக்குன்னு எழுதிட்டுப் போயிடுவார்."

சின்னவள் முகம் வாடிப்போச்சு. "அப்ப என்னக்கா பண்றது?"

பெரியவள் கொஞ்சம் யோசித்தாள். "அனுப்பறேன். ஆனா நாற்காலி போடாதே. கால் வலிச்சா அவங்க வாய் நிக்காது. தினம் நான் கேட்கறதை ஒரு நாள் அந்த ஆபீசர் கேட்கட்டும். பெஞ்சு போடறேன்னு அவரே சொல்லிடுவார்."

அதற்குள் நான் இறங்கிவிட்டேன். அந்தப் பார்க் மல்லாபூரிலா, நாச்சாரத்திலா என்று சரியாகக் காதில் விழவில்லை. அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது விசாரித்து, தப்பிருந்தால் திருத்துங்கள். பெஞ்சு வந்ததா என்றும் பாருங்கள்.